உப்பா, சிலிக்கானா, மெக்னீசியம் ஆக்சைடா? நினைவுள்ள உலோகப் படலத்துக்கு ஓர் அடித்தகடு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஆய்வகத்துக்குத் தினமும் பஸ் ஏறி வருகிறார் என் ஆய்வு மாணவி. பாலக்காடு மாவட்டத்துக்காரர். வீட்டில் தமிழ், ரேஷன் அட்டையில் மலையாளம், ஆய்வேட்டில் ஆங்கிலம் என்று வாழ்பவர். ஆனி மாதக் கடைசியில் ஒரு காலை, பையைக்கூட இறக்காமல் கேட்டார்: "சார், மூன்று விலைப்பட்டியல் வந்திருக்கிறது. இருக்கும் பணத்துக்கு ஒன்றைத்தான் வாங்க முடியும். எதன்மேல் படலத்தை வளர்ப்பது?"

நிக்கல், மாங்கனீசு, காலியம் மூன்றும் கலந்த, காந்தப்புலம் பட்டால் நீளம் மாறும் காந்த வடிவ நினைவு உலோகக்கலவைதான் அவருடைய பொருள். அதை ஸ்பட்டரிங் முறையில், அதாவது வெற்றிடத்தில் கலவைத் துண்டொன்றை (இலக்கு என்பார்கள்) அயனிகளால் மோதி அணுக்களைப் பெயர்த்து, அரை மைக்ரான் தடிமனில் ஒரு படிகத் தகட்டின்மேல் படியவைக்க வேண்டும். அந்தத் தகட்டைப் பாடநூல்கள் 'அடி மூலக்கூறு' என்று எழுதுகின்றன. மூலக்கூறுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் அடித்தகடு என்றே சொல்கிறேன். எந்த அடித்தகடு என்பது கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி போலத் தோன்றினாலும், படலத்துக்குள் என்ன நடக்கும் என்பதில் பாதியை அதுவே தீர்மானித்துவிடுகிறது. இதே இடத்தில் தடுமாறுகிற வேறு மாணவர்களுக்கும் பயன்படட்டும் என்று, எங்களுக்குள் நடந்த வாதத்தை எழுதுகிறேன்.

கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குகிறவர்களுக்கு மார்ட்டென்சைட்டு புதிதல்ல, பெயர் தெரியாமல் இருக்கலாம். சூட்டில் ஆஸ்டினைட்டாக இருக்கும் உலோகம் குளிர்ந்ததும் அணுக்கள் சற்றே சரிந்து மார்ட்டென்சைட்டு என்ற வேறு படிகமாகிறது. எஃகில் அது கடினத்தைத் தருகிறது. நம் கலவையிலோ நெகிழ்ச்சியைத் தருகிறது. குளிர்ந்ததும், அணுக்கள் அமர்ந்திருக்கும் கனசதுரக் கூடு ஒரு பக்கம் குறுகிவிடுகிறது. எந்தப் பக்கம் குறுகுவது என்பதற்கு மூன்று வாய்ப்புகள் இருப்பதால், ஓரிடத்தில் ஒரு பக்கமும் அடுத்த இடத்தில் இன்னொரு பக்கமும் குறுகுகின்றன. தீப்பெட்டிகளைச் சில வரிசை நிற்கவைத்தும் சில வரிசை படுக்கவைத்தும் அடுக்கினால் எப்படியோ அப்படி. நிற்கும் வரிசையும் படுத்த வரிசையும் சந்திக்கும் தளம்தான் இரட்டை எல்லை. காந்தப்புலம் படும்போது குறுகிய அச்சு அதன் திசையில் திரும்ப விரும்புகிறது. எல்லை நகர்கிறது, படுத்த பெட்டிகள் ஒவ்வொரு வரிசையாக எழுகின்றன, மொத்தத் துண்டின் நீளமும் மாறுகிறது.

1996-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் உல்லாக்கோ குழு இதை முதலில் காட்டியபோது திரிபு, அதாவது நீளம் மாறும் விகிதம், 0.2 சதவீதம்தான். 2000-இல் 6 சதவீதம், 2002-இல் ஏறத்தாழ 9.5 சதவீதம் என்று எண்கள் ஏறின. இந்த எண்களைப் பார்த்துத்தான் பலரும் இந்தத் துறைக்குள் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். ஆனால் இவையெல்லாம் மில்லிமீட்டர் கணக்கிலான, பிடிப்பில்லாத ஒற்றைப் படிகங்களில் கிடைத்தவை. காந்தப்புலம் அந்த எல்லையைத் தள்ளும் வலு மிகச் சிறியது. 6 சதவீதம் தரும் 10எம் வகை மார்ட்டென்சைட்டில் (பத்து அணு அடுக்குக்கு ஒரு முறை ஒழுங்கு திரும்ப வருவது) அது சுமார் 3 மெகாபாஸ்கலைத் தாண்டாது. ஒரு சதுர மில்லிமீட்டரில் 300 கிராம் எடை வைத்தது போல. புலத்தை எவ்வளவு கூட்டினாலும் அதற்குமேல் வராது. ஆகவே எல்லை அதற்குள் நகர்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இரட்டை எல்லைகளை, படிக அச்சுகளோடு பொருந்தும் விதத்தைப் பார்த்து, முதல் வகை, இரண்டாம் வகை என்று பிரிப்பார்கள். நல்ல படிகத்தில் முதல் வகை எல்லை நகர ஏறத்தாழ 1 மெகாபாஸ்கல் போதும். இரண்டாம் வகைக்கு அதில் பத்தில் ஒரு பங்கே போதும். ஆக, எல்லையைப் பிடித்துவைத்திருப்பது எது, அதன் பிடி 3 மெகாபாஸ்கலைவிடப் பெரியதா என்பதுதான் இந்தத் தேர்வின் உயிர்நாடி.

"அப்படியென்றால் படலமே வேண்டாமே, ஒரு ஒற்றைப் படிகத்தை வாங்கிவிடலாமே?" என்றார் அவர். நியாயமான கேள்வி. அசைவுதான் வேண்டும், ஒரு சின்ன வால்வையோ பம்பையோ இயக்கவேண்டும் என்றால் நானும் படிகத்தையே வாங்கச் சொல்வேன். நமக்கு வேண்டியது எல்லைகள் எப்படி உருவாகின்றன, எப்படிச் சிக்கிக்கொள்கின்றன என்ற விவரம். அதற்குப் படலம்தான் நல்ல கண்ணாடி. அடித்தகட்டின் அச்சுகள் நமக்குத் தெரியும், ஆகவே படலத்தின் அச்சுகளும் தெரியும். ஒவ்வொரு கோட்டையும் இன்ன தளம் என்று பெயர் சொல்லி அழைக்கலாம். 14எம் மார்ட்டென்சைட்டு தனி அமைப்பு அல்ல, ஐந்து அடுக்கும் இரண்டு அடுக்குமாக மாறிமாறி மடிந்த நானோ இரட்டைதான் என்ற வாதத்துக்கு, 2010-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வுக் குழு கையில் எடுத்த சாட்சி இத்தகைய படலமே. எல்லோரும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

சிலிக்கானை முதலில் தள்ளிவிடுகிறேன். மலிவு, எங்கும் கிடைக்கும், மின்னணுச் சில்லுகளோடு ஒட்டிப்போகும். விலைப்பட்டியலில் கவர்ச்சியானது அதுதான். ஆனால் அதன்மேல் நிக்கல் நேரடியாகப் பட்டுச் சூடானால் இரண்டும் வினைபுரிந்து சிலிசைடு என்ற சேர்மம் உண்டாகும். நடுவே ஒரு தடுப்புப் படலம் போட்டாக வேண்டும். வழக்கமான தடுப்பைப் போட்டால் படிக ஒழுங்கு கைமாறாது, குருணை குருணையாகத்தான் வளரும். ஒவ்வொரு குருணையும் ஒரு திசை பார்க்கும். ஒரு குருணைக்குள் நகரும் எல்லை பக்கத்துக் குருணையின் சுவரில் முட்டி நின்றுவிடும். இதோடு குளிரும்போது சிலிக்கான் மிகக் குறைவாகவே சுருங்குவதால் படலம் இழுபட்டு நிற்கும். சாதனம் செய்கிறவர்கள் ஒருநாள் சிலிக்கானுக்குத்தான் வரவேண்டியிருக்கும், மறுக்கவில்லை. எல்லையைப் படிக்க வருகிறவருக்கு அது சந்தைக் கூட்டத்தில் ஒரு குரலைத் தேடுவது போன்ற வேலை.

இனி உப்பு. சமையலறை உப்பேதான், ஆனால் பெரிய ஒற்றைப் படிகமாக வளர்த்தது. அகச்சிவப்பு ஆய்வுக்காக விற்கிறார்கள், விலை குறைவு. கூரிய பிளேடை வைத்து ஒரு தட்டு தட்டினால் கண்ணாடி போல முகம் விட்டுப் பிளக்கும். அதன்மேல் படலத்தை வளர்த்துவிட்டுத் தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்துபோகும், படலம் மட்டும் மிதக்கும். அமிலம் வேண்டாம், முகமூடி வேண்டாம். பிடிப்பில்லாத படலத்துக்கு இதைவிட எளிய வழி கிடையாது. மாணவியின் மனம் இதில்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் என் மனமும்தான்.

ஆனால் நாங்கள் இருப்பது பாலக்காட்டுக் கணவாயின் வாயில். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இங்கே அம்மி பறக்கிறதோ இல்லையோ, அந்தக் காற்று கேரளத்து மழை ஈரத்தையும் சுமந்துகொண்டு வருகிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். இது மாறாத எண், எந்தக் கண்டத்தில் செய்தாலும் அதே. ஆடி பிறந்த வாரம் ஒரு சோதனை செய்தோம். புதிதாகப் பிளந்த உப்புச் சில்லு ஒன்றைக் கண்ணாடித் தட்டில் வைத்து ஆய்வகச் சன்னலோரம் விட்டோம். மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தபோது விளிம்புகள் மழுங்கியிருந்தன. மாலையில் சில்லைச் சுற்றி ஒரு நீர் வளையம். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இப்படி என்றால், அணு அடுக்கு அளவில் அந்த முகம் என்ன பாடு பட்டிருக்கும்! படலம் வளர்வதோ அந்த முகத்தின்மேல்.

மார்கழி, தை மாதங்களில் காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து வறண்டு வீசும்போது உப்பை நம்பலாம். உலர்பெட்டிக்குள்ளேயே பிளந்து, உடனே வெற்றிட அறைக்குள் கொண்டுபோனால் ஆடியிலும் முடியும்தான். எங்கள் வெற்றிட அறைக்கும் உலர்பெட்டிக்கும் நடுவே ஒரு வராந்தா இருக்கிறது. உப்புக்கு இன்னொரு வம்பும் உண்டு. 400 டிகிரியில் வளர்த்துவிட்டு அறைச் சூட்டுக்குக் கொண்டுவரும்போது உப்பு 1.5 சதவீதம் சுருங்குகிறது. உலோகப் படலம் அதில் பாதியைத் தாண்டாது. ஆகவே படலம் நெருக்கப்பட்டுச் சுருக்கம் விழ வாய்ப்பு அதிகம். அந்தச் சுருக்கத்தை இரட்டை எல்லை என்று நினைத்து ஏமாறுவதற்கும் வாய்ப்பு உண்டு.

மெக்னீசியம் ஆக்சைடுக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் தங்கவேண்டும்.

கனசதுரப் படிகம். அதன் அலகுக்கூட்டின் பக்கம் 4.21 ஆங்ஸ்ட்ராம். நம் கலவையின் ஆஸ்டினைட்டுக் கூடு 5.82. பொருந்தாது போலத் தோன்றும், ஆனால் 45 டிகிரி திருப்பி வைத்தால் மூலைவிட்டத்தோடு பக்கம் சேர்ந்து, வித்தியாசம் 2 சதவீதமளவுக்கு இறங்கிவிடும். படலம் அந்தத் திருப்பத்தை ஏற்றுக்கொண்டு ஒரே ஒழுங்காக வளர்கிறது. சூட்டில் வளரும்போது எல்லாம் அழகு. குளிர்ந்து மார்ட்டென்சைட்டாகும்போதுதான் சிக்கல். கூடு குறுகப் பார்க்கிறது. கீழே ஆயிரம் மடங்கு தடித்த ஒரு பாறைத் தகடு விடமாட்டேன் என்கிறது. படலம் செய்யும் சமரசம்தான் இரட்டைகள். குறுகியதும் நீண்டதும் மாறிமாறி வந்தால் சராசரியில் பழைய அளவு காக்கப்படும். எவ்வளவு மெல்லிய படலமோ அவ்வளவு நெருக்கமான வரிகள். வரியின் அகலம் தடிமனின் வர்க்கமூலத்தோடு போகும். தடிமனை நான்கு மடங்காக்கினால் அகலம் இரண்டு மடங்கு. மெல்லிய படலத்தில் நல்ல வரி தெரியவில்லை என்று நுண்ணோக்கியைத் திட்டுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நுண்ணோக்கியில் இரண்டு விதமான வட்டாரங்கள் தெரியும். ஒரு வகையில் எல்லைத் தளங்கள் படலத்துக்குச் செங்குத்தாக நிற்கும். வரிகள் தகட்டின் ஓரத்துக்கு இணையாக நேர்கோடாக ஓடும், மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும், மாறுபாடு மங்கலாகத் தெரியும். இன்னொரு வகையில் தளங்கள் 45 டிகிரி சாய்ந்திருக்கும். வரிகள் தகட்டின் மூலைவிட்டத் திசையில் செல்லும், மேற்பரப்பு ஓட்டுக் கூரை போல ஏறி இறங்கும், பளிச்சென்று தெரியும். பார்ப்பதற்கு இரண்டாவது அழகு. முதல் முறை பார்க்கும் மாணவர்கள் அதை மட்டுமே படம் எடுப்பார்கள். எண்ணிக்கை போடும்போது மங்கலான வட்டாரத்தை விட்டுவிடுவார்கள். பாதிப் படலம் கணக்கிலிருந்து காணாமல் போகும்.

ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தப் படலத்தில் எல்லை நகருமா? நகரவே நகராது என்று ஒரு காலத்தில் நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 2008-இல் டிரெஸ்டன் குழு, தகட்டோடு ஒட்டிய படலத்திலேயே காந்தப்புலத்தால் அச்சுகள் இடம் மாறுவதைக் காட்டிவிட்டது. காந்தமாக்கல் வளைகோட்டில் ஓரிடத்தில் சட்டென்று ஏறும் படி ஒன்று அதன் அடையாளம். ஆனால் மொத்த நீளம் மாறாது, தகடு விடாது. உள்ளே வரிசைகள் இடம் பெயரும், வெளியே ஒன்றும் தெரியாது. 6 சதவீதத்தை எதிர்பார்த்து வருகிறவருக்கு இது ஏமாற்றம். எல்லையின் நடத்தையைப் படிக்க வருகிறவருக்கு இது விருந்து.

இங்கேதான் என் பரிந்துரை. வெறும் மெக்னீசியம் ஆக்சைடு வேண்டாம், நடுவே ஒரு குரோமியம் படலம் போடு என்றேன். குரோமியத்தின் கூடு 2.88 ஆங்ஸ்ட்ராம், நம் கலவையின் பாதி 2.91. வித்தியாசம் 1 சதவீதம்தான், நேரடித் தகட்டைவிடப் பொருத்தம் அதிகம். பிறகு அந்தக் குரோமியத்தை மட்டும் அரிக்கும் கரைசலில் போட்டால் படலம் விடுபடும். இப்போது ஒரே படலத்தை இரண்டு முறை அளக்கலாம். கட்டுண்டபோது ஒரு முறை, விடுபட்டபின் ஒரு முறை. உப்பில் வளர்த்ததையும் ஆக்சைடில் வளர்த்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கலவை விகிதம், தடிமன், வளர்ந்த சூடு என்று எது மாறியது என்றே தெரியாது. இரண்டு வீட்டுப் பிள்ளைகளை ஒப்பிடுவது போலாகிவிடும். ஒரே படலம் என்றால், மாறியது பிடி மட்டுமே.

இதில் தொல்லை இல்லாமல் இல்லை. கரைசல் ஓரத்திலிருந்து உள்ளே ஊர்ந்துதான் போகவேண்டும். ஒரு சென்டிமீட்டர் சதுரத்தை அப்படியே போட்டால் காத்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான். அதுவரை கரைசல் படலத்தையும் சும்மா விடாது. குறுகிய பட்டைகளாக வெட்டிப் போடுவது நல்லது. விடுபட்ட பட்டை சுருளும், அதைத் தட்டையாக்க முயன்றால் அந்த அழுத்தமே எல்லையை நகர்த்திவிடும். கழிவைத் தொட்டியில் ஊற்றவும் முடியாது. நொய்யல் இதுவரை பட்ட பாடு போதும். விடுபட்டதுமே எல்லை சறுக்கி ஓடும் என்றும் எண்ணக்கூடாது. கட்டுண்ட காலத்தில் எழுதப்பட்ட வரிகள் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றையொன்று மறித்துக்கொண்டு அப்படியே நிற்கும். ஒரு முறை ஆஸ்டினைட்டாகும்வரை சூடாக்கிக் குளிரவைத்தால், பிடியில்லாத நிலையில் வரிகள் புதிதாக எழுதப்படும். ஆக அளவீடு இரண்டல்ல, மூன்று. இதைச் சொன்னதும் மாணவியின் முகம் கொஞ்சம் வாடியது.

அடித்தகடு எதுவானாலும் எங்கள் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. கலவையில் சற்று விகிதம் மாறினாலும் உருமாறும் வெப்பநிலை பல டிகிரி தள்ளிப்போகும். மாங்கனீசு சூட்டில் ஆவியாகி ஓடும் பேர்வழி என்பதால் இலக்கில் இருந்த விகிதம் படலத்தில் அப்படியே வராது. உருமாற்றம் 35 டிகிரிக்கு அருகே அமைந்துவிட்டால், குளிர்நாட்டு ஆய்வகத்தில் எப்போதும் மார்ட்டென்சைட்டாக இருக்கும் அதே படலம், எங்கள் சித்திரை மதியத்தில் ஆஸ்டினைட்டாகிவிடும். காலையில் ஒரு பொருளையும் மாலையில் வேறொரு பொருளையும் அளந்துகொண்டிருப்போம். காலியத் துண்டே 30 டிகிரிக்குக் கீழேயே உருகி டப்பாவுக்குள் குளமாகும் ஊர் இது. ஆகவே உருமாற்றத்தை 60 டிகிரிக்கு மேலே வைக்கச் சொன்னேன். மிக உயரவும் வைக்கக்கூடாது. காந்தத்தன்மை 100 டிகிரியை ஒட்டி மறைந்துவிடும். அதோடு உருமாறும் இடத்திலிருந்து கீழே தள்ளிப்போகப் போக முதல் வகை எல்லை நகர மேலும் மேலும் வலு கேட்கும். இரண்டாம் வகைக்கு அந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

இன்னொன்று, நான் பட்டது. ஆய்வு தொடங்கிய ஆண்டில் என் முதல் படலத்தை எக்ஸ் கதிரில் நேராக வைத்து அளந்தேன். ஆஸ்டினைட்டின் உச்சி மட்டும் வந்தது. மார்ட்டென்சைட்டே உண்டாகவில்லை என்று மூன்று மாதம் கலவையைத் திருத்திக்கொண்டிருந்தேன். உண்மையில் படலம் முழுக்க மார்ட்டென்சைட்டுதான். இரட்டைகளாக மடியும்போது தளங்கள் சில டிகிரி சாய்ந்துவிடுவதால் நேர் அளவீட்டில் அவை கண்ணில் படவில்லை. தகட்டை ஒட்டி உருமாறாமல் தங்கிய மெல்லிய ஆஸ்டினைட்டு அடுக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறது. மாதிரியைச் சாய்த்தும் சுழற்றியும் அளக்கும் வசதி இல்லாத ஆய்வகம் என்றால், எந்த அடித்தகடு என்று யோசிப்பதற்கு முன்னால் அந்த வசதி எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவிட வேண்டும்.

குரோமியத்தை அரிக்கும் வசதியோ கழிவைக் கையாளும் ஏற்பாடோ இல்லாதவர், மார்கழிவரை பொறுக்கமுடியும் என்றால், உப்பையே எடுக்கலாம். ஒட்டிய படலத்தை மட்டும் படித்தால் போதும் என்பவருக்கு வெறும் மெக்னீசியம் ஆக்சைடே போதும். அதுவும் ஈரத்தில் மெதுவாக முகம் கெடும், ஆனால் வெற்றிடத்தில் நன்றாகச் சூடேற்றினால் திரும்பிவிடும். உப்புக்கு அந்த மறுவாழ்வு இல்லை.

மெக்னீசியம் ஆக்சைடுக்கு ஆர்டர் போட்டாயிற்று, ஒரு சென்டிமீட்டர் சதுரங்கள், அரை மில்லிமீட்டர் தடிமன். மிச்சப் பணத்தில் உப்புத் துண்டு இரண்டு வாங்கி சிலிக்கா ஜெல்லோடு உலர்பெட்டியில் பூட்டிவைத்திருக்கிறார் மாணவி. டப்பாமேல் 'மார்கழி' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். நேற்று பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் வாசலில் நின்று கேட்டார்:

"சார், ஒவ்வொரு சதுரத்தையும் பட்டையாக வெட்டினபிறகு கட்டுண்ட அளவீட்டை எடுப்பதா, வெட்டுவதற்கு முன்பா?"

"வெட்டினபிறகு எடு, கண்ணு. வெட்டும்போது ஓரத்தில் விழும் அதிர்ச்சியே சில எல்லைகளை நகர்த்திவிடும். அதையும் விடுதலையின் கணக்கில் எழுதிவிடப் போகிறோம்."

குறிப்பேட்டைத் திறந்து, நின்றபடியே எழுதிக்கொண்டு போனார்.